மோரிஸ் டீஸ்

மோரிஸ் டீஸ் (பி. 1936) அமெரிக்க வழக்கறிஞர். கூ கிளக்ஸ் கிளான் போன்ற வெள்ளை இனவெறி அமைப்புகளை இழப்பீட்டு வழக்குகளால் ஓட்டாண்டியாக்கியவர்.

அலபாமாவில் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். 1960இல் சட்டப் படிப்பை முடித்தார். நண்பர் மில்லார்ட் ஃபுல்லருடன் சேர்ந்து சமையல் நூல்களைத் தபாலில் விற்றுப் பெரும் பணம் ஈட்டினார். வழக்கறிஞர் வாழ்வின் தொடக்கம் மெச்சும்படி இல்லை: பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த ‘விடுதலைப் பயணிகளை’த் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையருக்காக வாதாடினார். பின்னர் மனம் மாறி, கோடை முகாமில் கறுப்பினச் சிறுவர்களைச் சேர்க்க மறுத்த மான்ட்கமரி ஒய்.எம்.சி.ஏ. மீது 1969இல் வழக்குத் தொடுத்து வென்றார். 1971இல் ஜோசப் லெவினுடன் தெற்கு வறுமைச் சட்ட மையத்தைத் தொடங்கினார். குடியுரிமைப் போராளி ஜூலியன் பாண்ட் அதன் முதல் தலைவர். தபால் விற்பனையில் பழகிய கை, கடிதம் எழுதி நன்கொடை திரட்டவும் உதவியது.

குற்றவியல் வழக்கில் அடித்தவன் சிறைக்குப் போவான். அவனை ஏவிய அமைப்பு அப்படியே இருக்கும். டீஸ் குறிவைத்தது அந்த அமைப்பின் சொத்தை. 1981இல் அலபாமாவின் மொபில் நகரில் மைக்கேல் டொனால்ட் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞரைக் கிளான் உறுப்பினர்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்டனர். குறிப்பிட்ட பகை எதுவும் இல்லை. கண்ணில் பட்ட கறுப்பர் என்பதே காரணம். தாய் பியூலா மே டொனால்ட் சார்பில் டீஸ் வாதாட, 1987இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 70 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. கொலையாளிகள் சார்ந்த யுனைடெட் கிளான்ஸ் அமைப்பிடம் இருந்தது டஸ்கலூசா தலைமையகக் கட்டடம்தான். அது தாயின் கைக்கு வந்தது; விற்ற பணத்தில் அவர் வீடு வாங்கினார்.

இதற்கு முன்பே, 1983இல், மையத்தின் அலுவலகம் கிளான் உறுப்பினர்களால் தீக்கிரையாக்கப்பட்டிருந்தது. ஆனாலும் வழக்குகள் தொடர்ந்தன. போர்ட்லண்டில் எத்தியோப்பியரான முலுகெட்டா செராவ் கொல்லப்பட்டதற்காக வெள்ளை இனவெறித் தலைவர் டாம் மெட்ஸ்கர் தரப்பின் மீது 1990இல் 1.25 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. 2000இல் 63 லட்சம் டாலர் தீர்ப்பு, ஆரியன் நேஷன்ஸ் என்ற நவநாஜி அமைப்பின் ஐடஹோ முகாமையே பறித்தது.

தீர்ப்புத் தொகைகளில் பெரும்பகுதி வசூலாகவில்லை. ஆனால் அந்த அமைப்புகள் நொடித்தன. வழக்குகளின் நோக்கமும் அதுதான். மையம் தேவைக்கு மேல் நிதி குவித்தது என்ற குறையோ நியாயமானது. மான்ட்கமரி அட்வர்டைசர் நாளேடு 1994இலேயே அதை விரிவாக எழுதியது. பணியிட நடத்தை குறித்த சர்ச்சைகளுக்கிடையே, 2019 மார்ச்சில் மையமே டீஸைப் பணிநீக்கம் செய்தது. சில நாள்களில் அதன் தலைவர் ரிச்சர்ட் கோஹனும் விலகினார்.