அலெக்சாண்ட்ரோவிச், சார்லஸ் ஹென்றி

சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் (1902–1975) போலந்தைச் சேர்ந்த பன்னாட்டுச் சட்ட வரலாற்று அறிஞர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தவர். பன்னாட்டுச் சட்டத்தின் வரலாற்றில் ஆசிய அரசுகளுக்கு உரிய இடத்தை மீட்டுத் தந்தது இவருடைய பெரும் பணி.

வாழ்க்கை

அன்று ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசில் இருந்த லெம்பர்க் நகரில் (இன்று உக்ரைனின் லிவிவ்) பிறந்தார். கிராக்கோவில் சட்டம் பயின்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லண்டன் சேர்ந்தார். 1951இல் சென்னைக்கு வந்து, பன்னாட்டுச் சட்டத்துக்கும் அரசமைப்புச் சட்டத்துக்குமான துறையைக் கட்டியெழுப்பினார். பன்னாட்டு விவகாரங்களுக்கான ஆண்டிதழ் ஒன்றையும் தொடங்கினார். அது 1952 முதல் வெளிவந்தது. 1961இல் சிட்னி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

ஆய்வு

19ஆம் நூற்றாண்டு அறிஞர் பலர், பன்னாட்டுச் சட்டம் ‘நாகரிகமடைந்த’ ஐரோப்பியருக்கே உரியது என்றனர். அலெக்சாண்ட்ரோவிச் பழைய உடன்படிக்கைகளை எடுத்து வைத்து அதை மறுத்தார். 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் ஆசிய மன்னர்களை இறையாண்மை உடையவர்களாக ஏற்றே பேச்சு நடத்தின. அந்தச் சமநிலையைப் பிற்காலக் கோட்பாடே அழித்தது என்பது இவர் வாதம். டச்சு அறிஞர் குரோஷியஸும் 1609இல் வெளியான தம் நூலில், இலங்கை, ஜாவா மன்னர்களுக்குத் தனி ஆட்சியுரிமை உண்டு என எழுதியிருந்தார்.

இத்தகைய உறவுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க்குடன் உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் அனுமதித்தார். கேட்டுப் பெற்றது டென்மார்க்; கொடுத்தது தஞ்சை.

தம் வாதத்தின் தொடர்ச்சியாக அலெக்சாண்ட்ரோவிச் இன்னொன்றும் சொன்னார்: விடுதலை பெற்ற ஆசிய நாடுகள் புதிதாக முளைத்தவை அல்ல, இழந்த இறையாண்மையை மீட்டவை. இது வெறும் ஏட்டு வாதமும் அல்ல. போர்ச்சுகல், இந்தியா மீது தொடுத்த வழக்கில் 1960இல் தீர்ப்பளித்த பன்னாட்டு நீதிமன்றம், மராட்டியர் 1779இல் போர்ச்சுகீசியருடன் செய்த உடன்படிக்கை செல்லும் என்று ஏற்றது.

நூல்கள்

இந்திய அரசமைப்பு வளர்ச்சி குறித்த நூல் 1957இல் வந்தது. கிழக்கிந்தியப் பகுதிகளில் நாடுகளிடைச் சட்டத்தின் வரலாற்றைக் கூறும் முதன்மை நூல் 1967இலும், ஆப்பிரிக்க உடன்படிக்கைகளை ஆராயும் நூல் 1973இலும் வெளியாயின.

நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இவருடைய கட்டுரைகளை டேவிட் ஆர்மிட்டேஜும் ஜெனிஃபர் பிட்ஸும் தொகுக்க, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 2017இல் வெளியிட்டது.