ஒரு பெயருக்குள் பல கல் ஈக்கள்

கல் ஈக்கள் பிளெக்கோப்டெரா வரிசையைச் சேர்ந்த பூச்சிகள். இதுவரை 3,500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றின் இளம்பருவம் ஓடும் நீரில், கற்களுக்கு அடியில் கழிகிறது. சிறகு முளைத்துக் கரையேறிய பின் சில நாட்களோ சில வாரங்களோதான் வாழ்வு. பழுப்போ மஞ்சளோ கலந்த உடல், மங்கிய சிறகு, ஒன்றைப் போலவே இன்னொன்று. ஊசி குத்திப் பெட்டியில் வைத்த பிறகு இருக்கும் நிறமும் வெளுத்துவிடும். ஆனாலும் இவற்றின் வகைப்பாட்டு வரலாற்றில் பெரும்பகுதி அந்த அருங்காட்சியகப் பெட்டிகளின் முன்னால்தான் நடந்திருக்கிறது.

நியோபெர்லா என்னும் பேரினத்தின் கதை இதற்கு நல்ல சான்று. ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா மூன்றிலும் பரவியுள்ள பேரினம் இது. 1839இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் எட்வர்ட் நியூமன் இதில் அடங்கும் இரண்டு பூச்சிகளுக்குப் பெயரிட்டார். வட அமெரிக்கப் பூச்சி கிளைமினி ஆயிற்று, ஆப்பிரிக்கப் பூச்சி ஸ்பியோ ஆயிற்று. நிறத்தையும் அளவையும் சொல்லும் சில வரிகள் போதும் என்பது அக்கால வழக்கம். பின்னர் பிராகில் கிளாப்பாலெக், சரகோசாவில் பாதிரியார் நவாஸ் போன்றோர் தங்களுக்கு வந்துசேர்ந்த மாதிரிகளைக் கொண்டு மேலும் மேலும் பெயர்கள் சூட்டினர். தலையில் கரும்புள்ளி சற்றுப் பெரிதாக இருந்தாலே புதுப்பெயர் பிறந்தது.

இந்தக் குவியலைக் கண்டு அலுத்தவர்கள் எதிர்த் திசையில் போனார்கள். 1952இல் ஹைன்ஸ் ஆப்பிரிக்க மாதிரிகளை ஒப்பிட்டு, நிறத்தால் பிரித்த சிற்றினங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதைக் கண்டார். அத்தனை பெயர்களையும் ஸ்பியோவின் ஒத்தபெயர்களாக்கி, ஆப்பிரிக்க நியோபெர்லா முழுவதையும் ஒரே சிற்றினம் ஆக்கினார். வட அமெரிக்காவிலும் ஏறக்குறைய எல்லாம் கிளைமினி என்ற சீட்டின் கீழ் அடங்கியிருந்தது. ஹைன்ஸின் முடிவைக் குறை சொல்வது எளிது, ஆனால் அது நியாயமல்ல. நிறத்தை நம்ப முடியாது என்று அவர் கண்டது சரியே. நம்பத்தக்க அடையாளம் பூச்சியின் உடலுக்குள் மறைந்திருந்தது.

ஆண் பூச்சியின் வயிற்று நுனிக்குள் மடங்கிக் கிடக்கும் ஆண்குறிதான் அந்த அடையாளம். அதன் குழாயின் வளைவும், வெளியே பிதுங்கும் பையின் மேலுள்ள முட்களின் அமைப்பும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். உலர்ந்த மாதிரியில் இதைக் காண வயிற்று நுனியைத் துண்டித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, எஞ்சும் கடினமான பகுதியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய பூச்சியும் இந்தச் சோதனைக்கு இடம் கொடுக்கும். பெண் பூச்சிகளில் முட்டையோட்டின் வரிகளும் கழுத்துப் பகுதியும் உதவுகின்றன.

ஜெர்மானியரான பீட்டர் ஸ்விக் 1976இல் மத்திய ஆப்பிரிக்க மலை ஓடை ஒன்றின் நியோபெர்லாக்களை இப்படி ஆராய்ந்து, அந்த ஓர் ஓடையிலேயே பல சிற்றினங்கள் வாழ்வதைக் காட்டினார். 1978இல் ஸ்டார்க்கும் பாமனும் வட அமெரிக்க மாதிரிகளில் இதே வேலையைச் செய்து புதிய சிற்றினங்களைப் பிரித்தெடுத்தனர். இன்று அங்கே பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நியோபெர்லாக்கள் ஏற்கப்பட்டுள்ளன. ஜெனீவாவின் பிக்டே 1841இல் சூட்டிய ஆக்ஸிபிடாலிஸ் என்ற பெயரும் அவற்றில் ஒன்று.

பிரித்த பிறகு எதற்கு எந்தப் பெயர் என்ற கேள்வி எழும். பெயர் மூல மாதிரியோடு கட்டுண்டது. முதலில் விவரிக்கப்பட்ட அதே பூச்சியைத் தேடியெடுத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. அது அழிந்துபோயிருந்தால் சிக்கல்தான். இல்லினாயின் முதல் மாநிலப் பூச்சியியலாளரான பெஞ்சமின் வால்ஷ் சேர்த்த பூச்சிகள், அவர் 1869இல் இறந்த பின் சிகாகோவில் வைக்கப்பட்டிருந்தன. 1871இன் பெருந்தீயில் அவை எரிந்தன. ஹார்வர்டு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்த மாதிரிகள் மட்டும் தப்பின. அப்படித் தப்பியவற்றில், வால்ஷ் ராக் ஐலண்ட் ஊரில் பிடித்த சில கல் ஈக்களை ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின் ரெபெக்கா சர்டிக் ஆராய்ந்தார். அவை அறியப்படாத சிற்றினம் என்று கண்டு 1981இல் அல்லோபெர்லா ராபர்டி எனப் பெயரிட்டார். அந்தப் பூச்சி அதற்குப் பின் எங்கும் அகப்படவில்லை. அற்றுப்போனவற்றின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. பெயர் கிடைக்கும் முன்பே ஓர் உயிர் மறைந்துபோயிருந்தது என்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

இல்லினாயில் இந்த மறுஆய்வு நதிகளின் வரலாறாகவும் மாறியது. ஃப்ரிசன் 1935இல் அம்மாநிலக் கல் ஈக்கள் பற்றி நூல் எழுதினார். அவர் காலத்துச் சேகரிப்பு உள்ளிட்ட பழைய மாதிரிகளை மீண்டும் இனங்கண்டு, அவற்றின் சீட்டிலிருந்த ஊரையும் நாளையும் இன்றைய நிலையோடு டிவால்ட்டும் சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டனர். 2005இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, அங்கு வாழ்ந்த 77 சிற்றினங்களில் கால்பங்குக்கு மேல் மாநிலத்திலிருந்தே மறைந்துவிட்டன. சீட்டில் பெயர் தவறாக இருந்திருந்தால் இந்தக் கணக்கே தவறியிருக்கும்.

ஆப்பிரிக்காவில் வேலை இன்னும் முடியவில்லை. பழைய மூல மாதிரிகள் பெண் பூச்சிகளாக இருக்கும் இடங்களில், ஆண்களைக் கொண்டு பிரித்த சிற்றினங்களோடு அவற்றைப் பொருத்துவது கடினம். தெற்கு ஆப்பிரிக்க ஆற்று ஆய்வுகளில் பூச்சிகள் இப்போதும் ‘ஸ்பியோ தொகுதி’ என்ற பொதுப்பெயரிலேயே பதிவாகின்றன.