பாசி தந்த ஒளி

விஞ்ஞான வரலாற்றைத் தனிப்பெரும் மேதைகளின் கதையாகவே நாம் படித்துவந்துள்ளோம். நரம்புக்கலங்களை ஒளியால் இயக்கும் முறையின் வரலாறு அத்தகையதன்று.

மூளையின் ஒருவகைக் கலங்களை மட்டும் தனித்து இயக்க வழி வேண்டும் என 1979இல் பிரான்சிஸ் கிரிக் எழுதினார். மின்முனையோ அருகிலுள்ள கலங்கள் அனைத்தையும் ஒருங்கே தூண்டிவிடும். வழி பிறந்தது நீர்ப்பாசியில். ஒருகலப் பாசியான கிளமிடோமோனாசு ஒளியை நாடி நீந்துவது எவ்வாறு என ஜேர்மனியில் பீற்றர் ஹெகெமன் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். சந்தையில் விலைபோகாத கேள்வி அது! 2002இலும் 2003இலும் அவரும் கியோர்க் நாகெல், ஏர்னஸ்ட் பாம்பேர்க் முதலியோரும் விடையை வெளியிட்டனர்: ஒளி பட்டதும் கலமென்சவ்வில் வாயிலாகத் திறந்து, மின்னேற்றமுள்ள அயன்களை உட்புகவிடும் புரதம்.

2005இல் அமெரிக்காவில் எட்வேட் பொய்டன், கார்ல் டைசரொத் ஆகியோர் நாகெல், பாம்பேர்க் ஆகியோருடன் கூடி, அப்புரதத்துக்குரிய பரம்பரையலகை நரம்புக்கலங்களுட் செலுத்தி, நீலவொளித் துடிப்புகளால் அவற்றை இயக்கிக் காட்டினர். 2021இல், விழித்திரை நோயால் பார்வையிழந்த ஒருவர், வேறொரு பாசிப் புரதத்தின் துணையாலும் தனிவகைக் கண்ணாடியாலும் மேசைமீதிருந்த பொருள்களைக் கண்டு தொட்டார் என்னும் செய்தி வெளிவந்தது.

உடனடிப் பயனை மட்டுமே கேட்டு ஆய்வுக்குப் பணம் மறுப்போர் இவ்வரலாற்றைக் கற்கட்டும். பலர் கூடி ஈட்டிய இவ்வொளி, வசதிபடைத்தோரின் கண்களுக்கு மட்டுமே உரியதாவதா? இக்கேள்வியை விஞ்ஞானிகளிடமே விட்டுவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது.