ஹூஸ்டன் அணியின் முதல் தெரிவு

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் மாநகரத்தில், விளையாட்டில் ஆர்வங்கொண்டோர் நாவில் நின்ற பெயர்கள் இரண்டு. ஒன்று ரெஜி புஷ். மற்றொன்று வின்ஸ் யங். இவ்விருவருள் யங் அந்நகரிலேயே பிறந்து, அந்நகரப் பள்ளியிலேயே பயின்றவர். அவ்வாண்டு சனவரி 4ஆம் நாள் நடைபெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்தில், தாமே 200 கெசம் ஓடி, 41க்கு 38 என்ற கணக்கில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்கு வெற்றி தேடித் தந்தவர். மண்ணின் மைந்தனை நகரம் விரும்பியதில் வியப்பில்லை.

மலேசியர் அறிந்த காற்பந்து வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அங்கே குவார்ட்டர்பேக் எனப்படுபவர் தேர்ப்பாகன் போன்றவர். தாக்கும் அணியின் ஒவ்வோர் அசைவும் அவர் கையிலிருந்தே தொடங்கும். அவர் பந்தை எறிவதற்கு முன்னரே தடுப்பு வரிசையைப் பிளந்து சென்று அவரைத் தரையில் வீழ்த்துபவர் பாஸ் ரஷர். அவ்வாறு வீழ்த்துவதற்குச் சாக் என்று பெயர். ஒருவரது தொழில் ஆக்கல். மற்றவரது தொழில் அதனை அழித்தல்.

பல்கலைக்கழக ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் ஏற்பாடே டிராஃப்ட். செல்வம் மிக்க அணிகளே சிறந்த இளைஞர்களை வாரிக்கொண்டு போன காலத்தில், பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் இதனை முன்மொழிந்தார். 1936இல் இது நடைமுறைக்கு வந்தது. தோல்வி மிகுந்த அணிக்கே முதல் உரிமை என்பது விதி. அவருடைய அணியும் தோல்விகளால் துவண்டிருந்ததென்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் தகும். நலிந்தவர் வகுத்த நீதி இது.

ஹூஸ்டன் நகரத்தாருக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. அவர்கள் நெடுங்காலம் போற்றி வளர்த்த ஆயிலர்ஸ் அணி, 1996ஆம் ஆண்டுப் பருவத்தின் பின் டென்னசி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து, பின்னர் டைட்டன்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. நகருக்குக் கிடைத்த புதிய அணியாகிய டெக்சன்ஸ் 2002இல் களமிறங்கியது. அதன் முதல் தெரிவு டேவிட் கார் என்னும் குவார்ட்டர்பேக். ஆனால், அவருக்கு அரணாக நிற்க வேண்டிய தடுப்பு வரிசையோ மிகவும் வலுவற்றது. அந்த முதற்பருவத்தில் மட்டும் கார் 76 முறை வீழ்த்தப்பட்டார்; இவ்வளவு அடி ஒரே பருவத்தில் அதற்கு முன் எவரும் பட்டதில்லை. 2005இல் அவ்வணி 16 ஆட்டங்களில் இரண்டே வென்றது. முதல் தெரிவு உரிமை மீண்டும் அதன் கைக்கு வந்தது.

புதிய பயிற்றுநர் கேரி குபியாக், காரைக் கொண்டே வெல்லலாம் என நம்பினார். மேலும், அதே பிரிவிலிருந்த இண்டியானாபோலிஸ் அணியின் பேய்டன் மேனிங் என்னும் பேராற்றல் மிக்க குவார்ட்டர்பேக்கை ஆண்டுக்கு இருமுறை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே பொதுமேலாளர் சார்லி கேசர்லியும் உரிமையாளர் பாப் மெக்நேரும் நகரத்தாரின் விருப்பத்தைப் புறந்தள்ளி, வட கரோலைனாவைச் சேர்ந்த பாஸ் ரஷரான மாரியோ வில்லியம்சுடன் ஏப்ரல் 28ஆம் நாள் ஒப்பந்தம் செய்தனர். செய்தி கேட்ட இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். மறுநாள் புஷ் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனார். யங்கைத் தெரிவு செய்ததோ, நகரைக் கைவிட்டுச் சென்ற அதே டைட்டன்ஸ்!

அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் யங் பிறந்த ஊருக்கு எதிரணியாக வந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்திற்குச் சென்றது. பந்தைக் கையிலேந்தி 39 கெசம் ஓடி, டைட்டன்சை 26க்கு 20 என்று வெல்லச் செய்தார் யங். அந்தப் பருவத்தின் சிறந்த புதிய தாக்குதல் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிட்டியது. கால் வலியோடு ஆடிய வில்லியம்ஸ் அப்பருவத்தில் பெற்றவை நாலரைச் சாக்குகளே. பிழை செய்தவர்கள் யாரென்று நகரத்தார்க்கு அன்று ஐயமே இருக்கவில்லை.

காலம் தீர்ப்பை மாற்றி எழுதிற்று. வில்லியம்ஸ் 2007இல் 14, 2008இல் 12 எனச் சாக்குகளைக் குவித்தார். யங்கோ காயத்தாலும் பயிற்றுநருடன் ஏற்பட்ட பிணக்காலும் நிலைகுலைந்து, 2011இல் டைட்டன்சிலிருந்து விடுவிக்கப்பட்டார். எனவே வில்லியம்சைத் தெரிந்தது தவறன்று. தவறு வேறிடத்தில் இருந்தது. அடிபட்டு அடிபட்டு நம்பிக்கை குன்றிய காரை இன்னும் ஒரு பருவம் அதே வலுவற்ற அரணின் பின் நிறுத்தினார்களே, அதுதான் தவறு. ஐந்து பருவங்களில் 249 முறை வீழ்ந்த அந்த இளைஞர் 2007இல் நீக்கப்பட்டார். பாஸ் ரஷரின் மதிப்பை அறிந்து அவருக்குப் பொன்னை வாரி வழங்கிய ஓர் அணி, எதிரணிப் பாஸ் ரஷர்களிடமிருந்து தன் ஆளைக் காக்கத் தவறியது விந்தையே.

2014இல் முதல் உரிமை மறுபடியும் வந்தபோது, அவ்வணி மறுபடியும் ஜடேவியன் கிளவுனி என்னும் பாஸ் ரஷரையே நாடியது. முழங்கால் காயத்தால் அவர் முதற்பருவத்தில் நான்கே ஆட்டங்கள் ஆடினார். டேவிட் காரின் தம்பி டெரிக், 36ஆம் தெரிவாக ஓக்லண்ட் அணிக்குச் சென்று பல்லாண்டுகள் குவார்ட்டர்பேக்காக விளங்கினார்.

2023இலோ ஹூஸ்டன் அணி இருவரில் ஒருவர் என்னும் வழக்கையே விட்டது. இரண்டாம் தெரிவாகக் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடையும், அடுத்த ஆண்டின் முதற்சுற்று உரிமை உள்ளிட்ட பலவற்றை அரிசோனாவுக்கு ஈந்து பெற்ற மூன்றாம் தெரிவாகப் பாஸ் ரஷர் வில் ஆண்டர்சனையும் அடுத்தடுத்துக் கைக்கொண்டது. தாக்குதலிலும் தற்காப்பிலும் அப்பருவத்தின் சிறந்த புதியவர் விருதுகள் இரண்டும் அவ்விருவருக்கே சென்றன. அப்போது அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் டெமெக்கோ ரயன்ஸ். 2006இல் வில்லியம்சை அடுத்து, 33ஆம் தெரிவாக அதே ஹூஸ்டன் அணி எடுத்த ஆட்டக்காரர்.