காயலான் கடைக்குப் போகும் மிக்ஸியும் 60 நாள் கெடுவும்: அரசின் வரைவு விதிகளுக்கு நீங்கள் கருத்து சொல்வது எப்படி?

"பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக்..." என்று தெருவில் குரல் கேட்டதும், ஓடாத மிக்ஸியைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். அந்த மிக்ஸியை யார் பிரிக்கலாம், எங்கே மறுசுழற்சி செய்யலாம், அந்தச் செலவை யார் ஏற்க வேண்டும்? இதையெல்லாம் முடிவு செய்வது டெல்லியில் வெளியாகும் ஒரு வரைவு அறிவிப்பு. அது சட்டமாவதற்கு முன்பு கருத்து சொல்ல எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு ஒரு கெடு இருக்கிறது.

சுழற்சிப் பொருளாதாரம்னா என்ன?

மண்ணிலிருந்து எடு, பொருளாகச் செய், பயன்படுத்து, தூக்கிப் போடு. இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். தூக்கிப் போடாமல் பழுது பார்ப்பது, மறுபடி பயன்படுத்துவது, உருக்கி வேறு பொருளாக்குவது என ஒரே பொருளைச் சுற்றிவரச் செய்வதுதான் சுழற்சிப் பொருளாதாரம்.

இந்தியாவுக்கு இது ஏன் அவசரம்? 1970-ல் நாம் பயன்படுத்திய மூலப்பொருட்கள் 118 கோடி டன். 2015-ல் அது 700 கோடி டன். 2030-ல் 1,420 கோடி டன்னைத் தொடும் என்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்ன கணிப்பு.

2019-ல் வந்த தேசிய வரைவு

இந்தக் கணக்குகளோடுதான் 2019 ஜூலையில் தேசிய வளத் திறன் கொள்கையின் வரைவை அமைச்சகம் வெளியிட்டது. வாகனம், பிளாஸ்டிக் பேக்கேஜிங், கட்டுமானம், மின்னணுப் பொருட்கள், சோலார் பேனல், இரும்பு, அலுமினியம் ஆகிய துறைகளைக் குறிவைத்தது. இதற்கென ஒரு தேசிய ஆணையம் வேண்டும் என்றது. பொதுமக்கள் கருத்து சொல்ல சுமார் ஒரு மாதம் கொடுக்கப்பட்டது.

அதன்பிறகு அரசு வேறு வழியில் நடந்தது. 2021 மார்ச்சில் 11 துறைகளுக்குத் தனித்தனிக் குழுக்கள் அறிவிக்கப்பட்டன. பிளாஸ்டிக் (2022 பிப்ரவரி), டயர் (2022 ஜூலை), பேட்டரி (2022 ஆகஸ்ட்), மின்கழிவு (2022 நவம்பர்), பயன்படுத்திய எண்ணெய் (2023 செப்டம்பர்) என ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பொருளை விற்கும் நிறுவனமே, அது குப்பையான பிறகும் அதற்குப் பொறுப்பு.

இதில் கவனிக்க வேண்டியது, மக்கள் கருத்து கேட்பது ஒரே தடவையில் முடிகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு விதிக்கும் தனி வரைவு, தனி கெடு.

60 நாள் கணக்கு எப்படி?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-ன் கீழ் வரும் வரைவு விதிகள் மத்திய அரசின் கெசட்டில் வெளியாகும். கெசட் பிரதி மக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து வழக்கமாக 60 நாள். கருத்தை அனுப்ப வேண்டிய முகவரியும் மின்னஞ்சலும் அறிவிப்பின் தொடக்கத்திலேயே இருக்கும்.

சட்டங்களுக்கும் விதிகளுக்கும் முன்கூட்டியே கருத்து கேட்பது பற்றி 2014-ல் மத்திய அரசு ஒரு நடைமுறையை வகுத்தது. குறைந்தது 30 நாள் தர வேண்டும், எளிய விளக்கக் குறிப்பு இணைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது அது. ஆனால் இது வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல.

சொன்னா கேட்பாங்களா?

சில நேரம் மாறும். 2021 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக் வரைவு, கேரி பேக் தடிமனை அந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் 120 மைக்ரானாக உயர்த்தச் சொன்னது. ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிப்பில், முதலில் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல்தான் 120 மைக்ரான் என்று இரண்டு படிகளாக மாறியது.

சில நேரம் மாறாது. 2016 மின்கழிவு விதிகளில் சேகரிப்பு மையங்களுக்கும், பழைய சாதனங்களைப் பிரித்தெடுப்பவர்களுக்கும் தனி இடம் இருந்தது. 2022 மே மாத வரைவில் அது இல்லை. எதிர்ப்பு வந்தும், இறுதி விதிகளில் பதிவு பெறுவோர் நான்கே வகையினர்: உற்பத்தி செய்பவர், தன் பிராண்டில் விற்பவர், பழுது நீக்கித் தருபவர், மறுசுழற்சி செய்பவர். அதே நேரம், விதிக்குள் வந்த பொருட்கள் 21-லிருந்து 106 ஆகின. தொழிலாளர்களைப் பதிவு செய்து பயிற்சி தரும் பொறுப்பு மாநில அரசுகளிடம் விடப்பட்டது.

தமிழில் ஏன் இல்லை?

கெசட்டில் வரைவு வருவது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது இதுவே பெரிய பிரச்சினையானது. கருத்து சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்த டெல்லி உயர் நீதிமன்றம், எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கச் சொன்னது. மத்திய அரசு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. படிக்க முடியாத வரைவுக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது.

எப்படி எழுதணும்?

• நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள். குடியிருப்பவரா, பழைய பொருள் வியாபாரியா, தூய்மைப் பணியாளரா?

• "இது சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த விதி எண், அதில் எந்த வரி என்று குறிப்பிடுங்கள்.

• அந்த வரியால் உங்கள் தொழிலிலோ தெருவிலோ என்ன நடக்கும் என்று எழுதுங்கள். மாதம் எத்தனை கிலோ, எத்தனை பேருக்கு வேலை என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கும்.

• அதற்குப் பதிலாக என்ன வார்த்தை வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

• ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக அறிவிப்புகளில் இருப்பதில்லை. தமிழில் எழுதி, முடிந்தால் ஆங்கிலச் சுருக்கம் சேர்க்கலாம்.

• கெடுவுக்கு முன்பே அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருத்து என்ன ஆனது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு இதைக் கவனிக்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். தள்ளுவண்டியில் வந்து மிக்ஸியை வாங்கிப் போகிறவருக்கு அப்படி யாரும் இல்லை. அடுத்த வரைவு வரும்போது அவருக்கு விஷயத்தைச் சொல்லி, அவர் சொல்வதை ஒரு பக்கம் எழுதி அனுப்ப அந்த 60 நாள் போதும்.