நரம்பறுந்த பின்னும் துடிக்கும் இதயம்

குழந்தையின் இதயத்தைத் தானியங்கு நரம்பு மண்டலத்தின் இரு கிளைகள் கட்டுப்படுத்துகின்றன. பரிவு நரம்புகள் துடிப்பை விரைவாக்கித் தசையை வலுவாகச் சுருங்க வைக்கின்றன. வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. 1845இல் வெபர் சகோதரர்கள் வேகஸைத் தூண்டி இதயத்தையே நிறுத்திக் காட்டினர். 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர், கால்சியம் இல்லாத கரைசலில் தவளையின் இதயம் சுருங்காமல் போவதைக் கண்டார். 1921இல் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி, வேகஸ் தூண்டப்பட்ட ஒரு தவளை இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் கட்டளை வேதிப்பொருளாகவே போய்ச் சேர்கிறது என்பது அப்போது உறுதியாயிற்று. வேகஸ் வெளியிடுவது அசிட்டைல்கோலின். பரிவு நரம்பு வெளியிடுவது நார் அட்ரினலின். தசைச் செல்லுக்குள் கால்சியம் கூடுதலாகப் புகுவதற்கு நார் அட்ரினலின் வழிசெய்கிறது. சுருக்கம் வலுப்பது அதனால்தான்.

பச்சிளங்குழந்தையிடம் இந்த ஏற்பாடு முழுமை பெற்றிருப்பதில்லை. பரிவு நரம்புகள் இதயத்தில் இன்னும் சரியாகப் பரவியிருக்காது. தசைச் செல்லின் கால்சியம் சேமிப்பும் குறைவு. வலுவைக் கூட்ட இயலாத இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை துடித்து ஈடுகட்டுகிறது. வேகஸின் பிடியோ பிறப்பிலேயே வலுவானது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகும்போது சிசுவின் துடிப்பு சட்டென இறங்குவதும், மயக்க மருத்துவர்கள் வேகஸைத் தடுக்கும் அட்ரோபினைக் கையருகே வைத்திருப்பதும் இதனாலேயே.

நரம்பே இல்லாத இதயம் குழந்தையின் உடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சென்னை மருத்துவர்கள் மாற்று அறுவை சிகிச்சைகளில் நேரில் கண்டனர். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீசார் வழியொதுக்கித் தர, இதயம் சுமார் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. டாக்டர் கே.எம்.செரியனின் மருத்துவமனையில் 9 வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. மகனை இழந்த வேளையில் அந்தப் பெற்றோர் எடுத்த முடிவு, தமிழகத்தில் உறுப்பு தானத்தின் போக்கையே மாற்றியது. 2015 டிசம்பரில், அடையாறு மலர் மருத்துவமனையில், 3 வயதுகூட நிரம்பாத ரஷ்யச் சிறுவனுக்குப் பெங்களூரிலிருந்து வந்த இதயம் பொருத்தப்பட்டது.

இதயத்தை எடுக்கும்போது இருவகை நரம்புகளும் அறுபடுகின்றன. ஆயினும் துடிப்பு பிறப்பது வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில். எனவே இதயம் நிற்பதில்லை. வேகஸின் தடை நீங்குவதால் ஓய்விலும் வேகமாகவே துடிக்கிறது. குழந்தை ஓடத் தொடங்கியதும் வேகம் உடனே ஏறாது. திரும்பி வரும் கூடுதல் ரத்தம் தசையை இழுத்து விரிப்பதால் முதலில் சுருக்கம்தான் வலுக்கிறது. அட்ரினல் சுரப்பியின் அட்ரினலின் ரத்தத்தில் வந்து சேர்ந்த பிறகே துடிப்பு ஏறுகிறது, ஓட்டம் நின்றபின் மெல்லத்தான் இறங்குகிறது. ஆகவே விளையாட்டுக்கு முன்னும் பின்னும் மெதுவான அசைவுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. தடுப்பதற்கு வேகஸே இல்லாததால் அட்ரோபின் இங்கே பொதுவாகப் பயன்படுவதில்லை. துடிப்பு குறைந்தால் ஐசோபிரினலின் போன்ற, தசையில் நேரடியாகச் செயல்படும் மருந்தோ பேஸ்மேக்கரோ தேவை. வலியுணர்த்தும் நரம்புகளும் அறுபட்டிருப்பதால் ரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். காலமுறைப் பரிசோதனை அதற்காகவே. சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் பரிவு நரம்புகள் ஓரளவு மீண்டும் வளர்கின்றன.