ஒருமுறை மட்டுமா? திருச்சபையில் பாவமன்னிப்பு விரிந்த வரலாறு

திருமுழுக்குப் பெற்றபின் பெரும்பாவத்தில் விழுந்தவருக்கு மீட்சி உண்டா? தொடக்கத் திருச்சபையை நெடுங்காலம் வாட்டிய கேள்வி இது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' உண்டு என்றது, ஆனால் ஒரே ஒரு முறைதான். அந்த 'ஒருமுறை' தளரத் தளரத்தான் கிறிஸ்தவர்களின் மனச்சுமையும் இறங்கியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கி.பி. 250-இல் பேரரசர் தேசியுஸ் நாட்டு மக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவர்களுக்கு அப்போது தரப்பட்ட பாப்பிரஸ் சீட்டுகளில் நாற்பதுக்கு மேல் எகிப்தில் கிடைத்துள்ளன. எல்லாவற்றிலும் வாசகம் ஏறத்தாழ ஒன்றே. பெயரும் ஊரும் முதலில் வரும். 'தெய்வங்களுக்கு எப்போதும் பலியிட்டு வந்தேன். இப்போதும் உங்கள் முன்னிலையில் பானம் வார்த்து, பலிப்பொருளை உண்டேன்' என்ற உறுதிமொழி அடுத்து வரும். கீழே சாட்சிகளின் கையொப்பம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கிறிஸ்தவர் பலர் உயிருக்கு அஞ்சிப் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினர். புயல் ஓய்ந்ததும் இரு சாராரும் கண்ணீரோடு திரும்பி வந்தார்கள்.

251-இல் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் கூட்டிய மன்றம் இவர்களைப் பிரித்துப் பார்த்தது. சீட்டு மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்ய வேண்டும். உரோமையில் நொவாசியன் என்ற குரு இவர்களில் யாரையும் சேர்க்கக்கூடாது என்று பிரிந்து போனார். அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட முடியாது. உயிரைக் கொடுத்தவர்களின் நினைவு அவருக்குப் பெரிதாக இருந்தது. ஆனாலும் நியாயம் சிப்ரியன் பக்கமே என்பேன். விழுந்தவனுக்குத் திரும்பும் வழியை அடைத்துவிட்டு நற்செய்தி சொல்ல முடியாது.

வழி திறந்தாலும் அது நெடியதாகவே இருந்தது. 325-இல் நிசேயா பொதுச்சங்கம், வற்புறுத்தல் இல்லாமலே விசுவாசத்தை மறுத்தவர்களுக்கு மூன்று, ஏழு, இரண்டு எனப் படிப்படியாகப் பன்னிரண்டு ஆண்டுத் தவம் விதித்தது. சாகக் கிடப்பவருக்கு மட்டும் நற்கருணையை மறுக்க வேண்டாம் என்றது. தவமும் வாழ்நாளில் ஒருமுறைதான் என்பதால், பலர் அதைச் சாவுப் படுக்கைவரை தள்ளிப்போட்டார்கள். மன்னிப்பு இருந்தது, அதைத் தொடத்தான் பயம்.

அந்தப் பயத்தை உடைத்தவர்கள் அயர்லாந்துத் துறவிகள். ஆறாம் நூற்றாண்டில் பின்னியன், கொலும்பானுஸ் போன்றோர், குருவிடம் தனிமையில், வேண்டியபோதெல்லாம் பாவத்தைச் சொல்லும் வழக்கத்தைப் பரப்பினர். 589-இல் தொலேதோ மன்றம் அடிக்கடி மன்னிப்பு கேட்பதைக் கண்டித்தும் வழக்கம் நிற்கவில்லை. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யக் கட்டளையிட்டது. கேட்ட குரு அதை வெளியிட்டால் கடும் தண்டனை என்றும் விதித்தது.

கடமையானதும் புதிய கவலை முளைத்தது: எதையாவது சொல்லாமல் விட்டிருப்போமோ? ஜெர்மனியில் இளந்துறவி மார்ட்டின் லூதர் இதில் சிக்கித் தவித்தார். எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்வது யாராலும் ஆகாது, கிறிஸ்துவின் வாக்கைப் பற்றிக்கொள்வதே போதும் என்ற தெளிவு அவருக்குப் பின்னர் பிறந்தது. அப்போதும் குருவிடம் தனியாகச் சொல்லி ஆறுதல் பெறும் வழக்கத்தை அவர் கைவிடவில்லை.

தனியாகப் பாவம் சொல்லும் இந்த வழக்கம் தமிழ்க் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூலான, இயேசு சபைக் குரு அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1580-இல், அவரே பாவசங்கீர்த்தனத்துக்கென்றே 'கொம்பெசியொனாயரு' என்ற தமிழ் நூலைக் கொச்சியில் அச்சிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தங்கள் பாவங்களைத் தங்கள் பேச்சிலேயே சொல்லி மன்னிப்புப் பெற அது துணையானது.